கில்மார்ட்டின் பள்ளத்தாக்கு: கார் இல்லாமல் இரண்டு நாள், எதை எந்த வரிசையில் பார்ப்பது?

கல்வட்டம் எழுதியது:

வணக்கம். மே முதல் வாரத்தில் கிளாஸ்கோவிலிருந்து கிளம்பி ஆர்கைல் பக்கம் கில்மார்ட்டின் கிராமத்துக்குப் போகிறோம். மூன்று பேர், அதில் அம்மாவுக்கு வயது 63, சமதளத்தில் நன்றாக நடப்பார், ஏற்றம் என்றால் முட்டி வலிக்கும். கார் கிடையாது. லாக்கில்ப்ஹெட்டில் ஓர் இரவு தங்கல்.

இப்போதைக்குப் போட்டிருக்கும் திட்டம்: முதல் நாளே அருங்காட்சியகம், வரிசையாக உள்ள கற்குவைகள் (இறந்தவர்களைப் புதைத்து மேலே கல் குவித்த மேடுகள்), டெம்பிள் வுட் கல்வட்டம், பழைய கோட்டை இருந்த டனாட் குன்று, அக்னாப்ரெக் பாறைச் செதுக்கல்கள் எல்லாம். இரண்டாம் நாள் கிரினன் கால்வாய். ஊரைச் சுற்றி ஆறு மைலுக்குள் 350-க்கும் மேற்பட்ட பழஞ்சின்னங்கள் என்று படித்ததிலிருந்து எதை விடுவது என்றே தெரியவில்லை.

கேட்க வேண்டியவை: இந்த வரிசை சரியா? ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போக முடியுமா? பாறையில் உள்ள குழிக்குறிகள் (கிண்ணம் போலக் குடைந்த சிறு குழிகள்) படத்தில் தெளிவாகத் தெரிகின்றன, நேரில் ஒன்றுமே தெரியவில்லை என்று சிலர் எழுதியிருக்கிறார்களே, ஏன்?

---

மேற்குக்கரை எழுதியது:

முதல் நாள் திட்டத்தில் பாதியை எடுத்துவிடுங்கள். கில்மார்ட்டின் கிராமம் என்பது ஒரு தெரு, ஒரு தேவாலயம், ஒரு ஹோட்டல், அருங்காட்சியகம், சில வீடுகள், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது அதற்குக் கீழே விரிந்து கிடக்கும் பள்ளத்தாக்கு. 350 என்ற எண்ணிக்கையைத் துரத்தினால் எதுவும் மனதில் நிற்காது. கிராமத்திலிருந்து தெற்கே அந்தக் கற்குவை வரிசை வழியாக ஒரு முழுப் பகல் மெல்ல நடந்தால் இடமே விளங்கிவிடும்.

போய்ச் சேரும் வழி: கிளாஸ்கோ புக்கானன் பேருந்து நிலையத்திலிருந்து கேம்பெல்டவுன் போகும் சிட்டிலிங்க் 926 இன்வரேரி வழியாக லாக்கில்ப்ஹெட் வரும், இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஓபன் போகும் 423 கில்மார்ட்டினில் நிற்கும், இருபது நிமிடத்துக்குள் இறங்கிவிடலாம். ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான். பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: போகும் வண்டியைப் பார்ப்பார்கள், திரும்பும் கடைசி வண்டியைப் பார்க்க மாட்டார்கள். மே மாதத்தின் முதல் திங்கள் வங்கி விடுமுறை வேறு. அந்த நாளுக்கான அட்டவணையைத் தனியாகப் பார்த்துவிடுங்கள்.

நடையை அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். புதுப்பித்து 2023-இல் மறுபடி திறந்தார்கள். அங்குள்ள மண்கலங்களையும் கல்லறைப் பொருள்களையும் பார்த்த பிறகு வெளியே போனால், வயலில் கிடக்கும் கற்குவியல் வெறும் குவியலாகத் தெரியாது. கட்டணம் இதற்கு மட்டும்தான். வெளியில் உள்ள சின்னங்களுக்குக் கிடையாது.

அங்கிருந்து கீழே இறங்கினால் முதலில் கிளீப் கற்குவை. அடுத்தடுத்து நெதர் லார்கி வடக்கு, நடு, தெற்கு, கடைசியில் ரீ க்ரூன். ஐந்தும் ஏறக்குறைய ஒரே கோட்டில், பள்ளத்தாக்கின் தரையோடு. பனியாறு உருகி ஓடிய காலத்தில் கொட்டிய சரளை மேடு அது, தண்ணீர் தங்காது. பாதை சமமானது, அம்மாவுக்குச் சிரமம் இருக்காது. மழைக்குப் பின் வயல் வாசல்களின் அருகில் மாடு மிதித்த சேறு கணுக்கால் வரை இருக்கும், அதனால் துணி ஷூ வேண்டாம்.

நெதர் லார்கி வடக்கில் பலரும் மேலே நின்று படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். குவியலின் உச்சியில் ஒரு மூடி இருக்கிறது. அதைத் தள்ளினால் படி இறங்கும். உள்ளே கற்பதுக்கையின் (பலகைக் கற்களால் பெட்டி போல அமைத்த கல்லறையின்) மூடுகல்லில் கோடரித் தலைகள் செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம், கூடவே குழிக்குறிகள். உலோகக் கோடரி புதிதாக வந்த காலம் அது. செம்பும் வெண்கலமும் அயர்லாந்துப் பக்கமிருந்து வந்த வழியில் இந்தப் பள்ளத்தாக்கு இருந்ததால்தான் இங்கே இவ்வளவு செல்வமும் இவ்வளவு பெரிய கல்லறைகளும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். டார்ச் எடுத்துப் போங்கள். வெளியே வந்ததும் மூடியை மறுபடி இழுத்து மூடுங்கள், இல்லையென்றால் மழை உள்ளே இறங்கும்.

நெதர் லார்கி தெற்குதான் எல்லாவற்றிலும் மூத்தது, புதிய கற்காலத்தது. 1864-இல் கிரீன்வெல் என்ற பாதிரியார் தோண்டிப் பார்த்தது. மேலே கற்களைப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டதால் நடு அறை வெளியே தெரிகிறது. குனிந்து உள்ளே நுழையலாம். தரையில் குறுக்காக நிறுத்திய பலகைக் கற்கள் அறையை நான்காகப் பிரிக்கும். இருட்டில் கால் தட்டுவது அந்தக் கற்களில்தான்.

பக்கத்திலேயே டெம்பிள் வுட். மரங்கள் 19-ஆம் நூற்றாண்டில் நட்டவை, பெயரும் அப்போது வைத்ததே, கோயில் எதுவும் இருந்ததில்லை. தெற்குக் கல்வட்டத்தில் முதலில் 22 கற்கள், இப்போது நிற்பவை 13. வடக்குப் பக்கத்துக் கல் ஒன்றில் இரட்டைச் சுருள் இருக்கிறது. ஒரு சுருள் ஒரு முகத்தில் தொடங்கி, கல்லின் விளிம்பைச் சுற்றி அடுத்த முகத்துச் சுருளோடு சேரும். நேர் எதிரே நின்றால் பாதிதான் தெரியும். முட்டி போட்டு, விளிம்புக்கு நேராகக் கண்ணை வைத்துப் பாருங்கள்.

அங்கிருந்து வயலைக் கடந்தால் நெதர் லார்கி நெடுங்கற்கள். இவ்வளவுக்கும் திரும்பி வருவதற்கும் சேர்த்து ஐந்து கிலோமீட்டர் சுற்று. நின்று பார்த்தால் நான்கு மணி நேரம் ஆகும்.

ஏ816 சாலையோரமாக மட்டும் நடக்காதீர்கள். நடைமேடை கிடையாது, வளைவு அதிகம், வண்டிகள் 60 மைல் வேகத்தில் வரும். டனாட்டுக்கு அந்தச் சாலை வழியாக நடந்து போவது என்பது வேண்டாத வேலை.

---

பாறைவரி எழுதியது:

பாறைக்குறிகள் தெரியாமல் போவதற்குக் காரணம் வெளிச்சம். குழியின் ஆழம் பல இடங்களில் ஒரு விரல் கனம்கூட இருக்காது. ஐயாயிரம் ஆண்டு மழை விளிம்புகளை மழுக்கிவிட்டது. உச்சி வெயிலில் நிழல் விழாது, அதனால் பாறை வெறும் சாம்பல் பலகையாகத் தெரியும். சூரியன் தாழ்ந்து, ஒளி பாறைமேல் படுத்துக்கொண்டு வரும்போது ஒவ்வொரு குழியும் நிழலால் நிரம்பி எழுந்து நிற்கும். மே முதல் வாரத்தில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பது தாண்டும். ஆகவே மாலை ஏழுக்கு மேல்தான் சரியான நேரம், அல்லது விடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள். மேகமூட்டமாக இருந்தால் ஒருவர் குடை விரித்துப் பாறைக்கு நிழல் தரட்டும். இன்னொருவர் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்துப் பக்கவாட்டில் அடிக்கட்டும். டார்ச்சைக் கையில் உயர்த்தி மேலிருந்து அடித்தால் பயனில்லை. மழை நின்று பாறை காயத் தொடங்கும் சில நிமிடங்களும் நல்லவை: குழியில் நீர் நின்று, மேடு முதலில் வெளுக்கும்.

சாக்பீஸ், சுண்ணாம்பு, தூரிகை, கம்பி எதுவும் வேண்டாம். பாசியைச் சுரண்டினால் அதோடு பாறையின் தோலும் வரும். இவை 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. சேதப்படுத்துவதும், அனுமதியில்லாமல் உலோகம் தேடும் கருவி கொண்டு வருவதும் குற்றம். பாறைமேல் ஏறியும் நிற்காதீர்கள், பூட்ஸ் அடியில் ஒட்டிய சரளைக் கல் உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

நல்ல பதிவு வேண்டுமென்றால் ஒரே ஒரு அழகான படத்துக்கு முயலாமல், பாறையைச் சுற்றி வந்து அறுபது எழுபது படம் எடுங்கள். ஒவ்வொரு படமும் முந்தையதில் முக்கால் பங்கையாவது மறுபடி உள்ளடக்க வேண்டும். வெயில் இல்லாத, சீரான மங்கல் வெளிச்சம் இதற்குத்தான் தேவை, கண்ணால் பார்ப்பதற்கு நேர் எதிர். பிறகு முப்பரிமாண மென்பொருளில் சேர்த்து, ஒளியை நீங்களே எந்தத் திசையிலிருந்தும் விழவைக்கலாம். 2017 முதல் 2021 வரை நடந்த ஸ்காட்லாந்து பாறைக்கலைத் திட்டம் இதே முறையில் நூற்றுக்கணக்கான பாறைகளைப் பதிவு செய்திருக்கிறது. போகும் முன் அக்னாப்ரெக் பாறையின் மாதிரியைத் திரையில் சுழற்றிப் பார்த்துவிட்டால், நேரில் எங்கே தேடுவது என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

எந்தப் பாறை என்று கேட்டால், அக்னாப்ரெக்தான் பெரியது. அங்குள்ள வளையங்களில் சில ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம். ஆனால் காட்டுப் பாதையில் ஏற வேண்டும். அம்மாவுக்கு பலுவாக்ரெய்க் போதும்: சாலைக்கு அருகில், வேலியிட்ட தாழ்ந்த பாறை. அதன் பக்கத்திலேயே டன்க்ரேகேக் கற்குவை. அங்கே ஒரு கற்பதுக்கையின் மூடுகல்லின் அடிப்பக்கத்தில் மான் உருவங்கள் இருப்பது 2021-இல்தான் உலகுக்குத் தெரிந்தது. கொம்புள்ள செம்மான்கள். ஸ்காட்லாந்தில் அந்தக் காலத்துப் பாறைகளில் விலங்குருவம் கிடைத்தது அதுவே முதல் தடவை, அதுவரை எல்லாம் குழியும் வளையமும் சுருளும்தான். உள்ளே போக அனுமதி இருக்கிறதா என்று அருங்காட்சியகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.

மேற்குக்கரை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இவை எல்லாம் ஒரே காலத்தவை என்று நினைத்து நடக்காதீர்கள். தெற்குக் கற்குவைக்கும் நெடுங்கற்களுக்கும் நடுவே இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி. இடையிடையே வந்தவர்கள் பழைய குவையில் புதிய பதுக்கை செருகியிருக்கிறார்கள், பழைய செதுக்கலின் மேல் புதிதாகச் செதுக்கியிருக்கிறார்கள். செதுக்கிய பாறைகள் பெரும்பாலும் சரிவில், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி. கல்லறைகள் கீழே, சரளையில். அந்த மேல்-கீழ் வேறுபாட்டைக் கவனித்தால் நிலத்தை அவர்கள் எப்படிப் பங்கிட்டிருந்தார்கள் என்று ஓரளவு பிடிபடும்.

---

கல்வட்டம் எழுதியது:

மிக்க நன்றி. அப்படியானால் முதல் நாள் கிராமமும் கற்குவை வரிசையும் மட்டும். இரண்டாம் நாள் டனாட் போக முடியுமா? அம்மா ஏறலாமா? உண்ணி பற்றியும் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

---

ஈரநிலம் எழுதியது:

டனாட்டுக்கு லாக்கில்ப்ஹெட்டிலிருந்து டாக்சி வைத்துக்கொள்வதே நல்லது. ஏ816-இலிருந்து பிரியும் ஒற்றைத்தடச் சாலையின் முடிவில், குன்றின் அடியில், சிறிய வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து அழைத்துப் போகும்படி முன்கூட்டியே பேசிவிடுங்கள், அங்கே போன் சிக்னலை நம்ப முடியாது.

குன்று 54 மீட்டர்தான். ஏற இருபது நிமிடம். ஆனால் கீழே சேறு, நடுவில் புல், மேலே வெறும் பாறை; ஈரமாக இருந்தால் அந்தப் பாறை வழுக்கும், இறங்கும்போதுதான் விழுவார்கள். கம்பு இரண்டு இருந்தால் அம்மா பாதி தூரம், பாறைப் பிளவு வழியாக நுழையும் அந்த இயற்கை வாசல் வரையாவது வரலாம். கோட்டையின் அமைப்பு அங்கிருந்தே புரியும்: பாறையின் பிளவையே வாயிலாக வைத்து, இடைவெளிகளைக் கற்சுவரால் அடைத்திருக்கிறார்கள். முட்டி ஒத்துழைக்கவில்லை என்றால் அடியிலேயே ஆட் ஆற்றங்கரையில் நிற்கட்டும், அதுவும் வீணான இடமல்ல.

உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பாறைத் தளம். அதில் பாதத் தடம், குடைந்த கிண்ணம், காட்டுப்பன்றி உருவம், ஓகம் என்ற பழைய கோட்டெழுத்தின் கீறல்கள். இந்தப் பகுதியை ஆண்ட டால் ரியாட்டா என்ற பழைய கேலிக் அரசின் அரசர்கள் பதவியேற்கும்போது அந்தத் தடத்தில் கால் வைத்தார்கள் என்று கருதுகிறார்கள். இப்போது நீங்கள் கால் வைப்பது மூலப் பாறையின் மேல் பொருத்திய வார்ப்பு. மூலம் அதன் அடியில் பத்திரமாக இருக்கிறது. ஆகவே தயங்காமல் கால் வையுங்கள். பன்றியும் ஓகமும் மங்கலானவை, பாறைவரி சொன்ன பக்கவாட்டு வெளிச்சம் இங்கேயும் வேண்டும். அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புகள் என்ற பழைய அயர்லாந்து வரலாற்றுப் பதிவில் 683-இல் இந்தக் கோட்டை முற்றுகையிடப்பட்ட செய்தி இருக்கிறது. 736-இல் ஸ்காட்லாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த பிக்ட் மக்களின் அரசன் ஓங்கஸ் பிடித்துக்கொண்டான். அகழாய்வில் உடையூசி வார்க்கும் அச்சுகளும், இன்றைய பிரான்ஸ் பகுதியிலிருந்து வந்த மண்கலங்களும் கிடைத்தன. கடல்வழி வணிகம் இந்தச் சிறு குன்றின் அடிவரை வந்திருக்கிறது.

மேலே நின்று தெற்கும் மேற்கும் பாருங்கள். பழுப்பும் பச்சையுமாகத் தட்டையாக விரிந்திருப்பது மோன்யா வோர். கேலிக்கில் 'மோன்யா' என்றால் கரிச்சதுப்பு, 'மோர்' என்றால் பெரியது. சேர்த்துச் சொல்லும்போது 'மோர்' 'வோர்' ஆகிவிடுகிறது. மழைநீரை மட்டுமே குடித்து வளரும் உயர்சதுப்பு இது. ஸ்பாக்னம் பாசி மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் உயர்ந்திருக்கிறது. சுற்றுப்புறத்தைவிட நடு சற்று மேடாக இருப்பது அதனால்தான். வடிகால் வெட்டினால் நீர்மட்டம் இறங்கி, கரி காற்றுப் பட்டு மக்கி, மேடு உட்கார்ந்துவிடும். அதனால்தான் இங்கே பழைய வாய்க்கால்களை அணைபோட்டு அடைக்கிறார்கள்.

சதுப்புக்குள் நீங்களாக இறங்க வேண்டாம். பளிச்சென்ற பச்சையாக, மெத்தை போல இருக்கும் இடம்தான் ஆழம். காலை வைத்தால் முழங்கால் வரை போகும். பி8025 சாலையோரம் டைல்வொர்க்ஸ் என்ற இடத்தில் போட்டிருக்கும் பாதை அம்மாவுக்கு ஏற்றது. அங்கிருந்தே சதுப்பின் விளிம்பை நன்றாகப் பார்க்கலாம். அமைதியாக நின்றால் ஹென் ஹேரியர் பருந்து தாழப் பறப்பதும் கண்ணில் படலாம்.

உண்ணி: மே மாதத்தில் நிச்சயம் இருக்கும். உயரமான புல், பெரணி, மான் நடமாடும் காட்டோரம், இவையே அதன் இடம். வெளிர் நிறக் கால்சட்டை போட்டு, அதை சாக்ஸுக்குள் செருகுங்கள், ஏறினால் கண்ணுக்குத் தெரியும். இரவில் முட்டிக்குப் பின்புறம், இடுப்பு, அக்குள், தலைமுடி ஓரம் பாருங்கள். கடித்திருந்தால் நுனி மெல்லிய இடுக்கியாலோ உண்ணிக் கொக்கியாலோ தோலுக்கு ஒட்டிப் பிடித்து எடுங்கள். இடுக்கி என்றால் நேராக, மெல்ல மேலே இழுக்க வேண்டும். கொக்கி என்றால் திருகி எடுக்க வேண்டும். எண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது கூடாது. அப்படிச் செய்தால் அது வயிற்றில் உள்ளதைக் கடித்த இடத்திலேயே கக்கும். எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவுக்கு உண்ணி பரப்பும் லைம் நோய் தொற்றும் வாய்ப்பு குறைவு. கடித்த தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினாலோ, காய்ச்சலும் அசதியும் வந்தாலோ மருத்துவரிடம் சொல்ல அந்தத் தேதி உதவும்.

மிட்ஜ் என்ற கடிக்கும் சிறு பூச்சி உங்கள் வாரத்தில் அப்போதுதான் தலைகாட்டும். காற்று இல்லாத, ஈரமான, மங்கலான மாலையில்தான் மொய்க்கும். மணிக்கு ஏழு மைலுக்கு மேல் காற்று வீசினால் அதனால் பறக்க முடியாது. பாறைக்குறி பார்க்க மாலையில் போகிறீர்கள் என்பதால் தலைக்கு ஒரு வலை பையில் இருக்கட்டும்.

இன்னொன்று: மே மாதம் ஆடுகள் குட்டி போடும் பருவம். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி யாரும் வயல்வெளி வழியாகப் போகலாம், பொறுப்போடு. தாய் ஆடும் குட்டியும் நடுவே அகப்படாதபடி ஒதுங்கிப் போங்கள். கன்றோடு மாடு நின்றால் அந்த வயலையே விட்டு வேறு வழி பாருங்கள். வாசலை எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே, திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விடுங்கள். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் கீல் பக்கம் ஏறுங்கள். கற்சுவர்மேல் ஏறாதீர்கள், சாந்து இல்லாமல் அடுக்கியது, ஒரு கல் நழுவினால் அடுத்த மழைக்கு ஒரு கஜம் சரியும்.

---

சாய்மலை எழுதியது:

கிராமத்துத் தேவாலய முற்றத்தை யாரும் சொல்லவில்லையே. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் அதைப் பாருங்கள், மழைக்கும் ஒதுங்கலாம். கண்ணாடிக் கூரையிட்ட சிறு கட்டடத்துக்குள் இடைக்காலக் கல்லறைப் பலகைகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வாள், கொடிப்பின்னல், போர் உடையில் வீரர்கள். வாளின் கைப்பிடி எப்படி முடிகிறது, குமிழ் எந்த வடிவம் என்று பலகைக்குப் பலகை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கிராமத்துக்கு வடக்கே இரண்டு கிலோமீட்டரில் கார்னாஸரி கோட்டை. 1560-களில் ஜான் கார்ஸ்வெல் கட்டியது. கில்மார்ட்டின் பாதிரியாராக இருந்து தீவுகளின் பிஷப் ஆனவர். 1567-இல் அவர் கேலிக்கில் மொழிபெயர்த்து வெளியிட்ட வழிபாட்டு நூல்தான் கேலிக்கில் அச்சான முதல் புத்தகம். கோட்டை வாசலுக்கு மேலே கேலிக் வரி ஒன்று பொறித்திருக்கிறது, அண்ணாந்து தேடுங்கள். 1685 கிளர்ச்சியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கட்டு வேலை நடந்தால் உள்ளே விடமாட்டார்கள், எனவே இதற்காக மட்டும் ஒரு நாளை ஒதுக்காதீர்கள்.

---

மேற்குக்கரை எழுதியது:

இரண்டாம் நாளை இப்படி வைத்துக்கொள்ளலாம்: காலையில் டாக்சியில் டனாட். அதே டாக்சியில் டன்க்ரேகேக் நிறுத்துமிடம். அங்கிருந்து நடந்தே பலுவாக்ரெய்க் பாறை, அதைத் தாண்டி வயலில் பாலிமீனோக் நெடுங்கற்கள்: நான்கு ஒரு வரிசை, இரண்டு ஒரு வரிசை. ஏழாவதாக, துளையுள்ள கல் ஒன்றும் இருந்தது, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விழுந்துவிட்டது. திரும்பும்போது கெய்ர்ன்பானில் இறங்கினால் கிரினன் கால்வாயின் மதகுகளை (படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவுகளை) பார்க்கலாம். 1801-இல் திறந்தது, ஒன்பது மைல், 15 மதகுகள். அங்கிருந்து கால்வாயோரப் பாதை தட்டையானது, அம்மாவோடு லாக்கில்ப்ஹெட் வரை நாலைந்து கிலோமீட்டர் நடந்தே வந்துவிடலாம். சைக்கிள் வாடகைக்குக் கிடைத்தால் தேசிய சைக்கிள் வழி 78 இதே கால்வாயோரமாகப் போய், சதுப்பைக் கடந்து கில்மார்ட்டினுக்கே வரும்.

அக்னாப்ரெக்கை அம்மா ஓய்வெடுக்கும் மாலையில் நீங்கள் இருவர் மட்டும் போய்ப் பாருங்கள். வெளிச்சமும் அப்போதுதான் சரி.

கடைசியாக, கிளம்பும் அன்று காலை சாலை நிலவரம் பாருங்கள். கிளாஸ்கோவிலிருந்து வரும் ஏ83, ரெஸ்ட் அண்ட் பீ தாங்க்ஃபுல் கணவாயில் கனமழைக்கு மண் சரிந்து மூடும் சாலை. 2023 அக்டோபர் மழையில் ஏ816-உம் கில்மார்ட்டினுக்கு வடக்கே சரிந்து அடைபட்டது. ஏ83 அடைபட்டால் பேருந்து சுற்றுவழியில் வரும் அல்லது தாமதமாகும். எனவே லாக்கில்ப்ஹெட்டில் 423-ஐப் பிடிக்க அரை மணி இடைவெளி போதாது, ஒன்றரை மணி வையுங்கள். சூப்பர்மார்க்கெட் அங்கேதான் இருக்கிறது, மதியச் சாப்பாட்டை அந்த நேரத்தில் வாங்கிவிடலாம். கில்மார்ட்டினில் அருங்காட்சியக உணவகத்தையும் ஹோட்டலையும் விட்டால் வேறு வழியில்லை.